பதினான்காவது கேள்விக்கு நான் சொன்ன பொய்

நான் ஓய்வு பெற்று ஏழாவது வருடம், ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில், கண்டியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி கிளினிக்கில் இது நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே யாரும் பிழை செய்யவில்லை. பிழை செய்தவன் நான் ஒருவன்தான்.

அரசாங்க அலுவலகம் ஒன்றில் லிகிதராக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்து நான்கு வருடம் கழித்துப் பிரதம லிகிதராக வெளியே வந்தவன் நான். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தக் கடிதம் எந்த மேசை வழியாகப் போக வேண்டும், எந்த விதியின் எந்த உபபிரிவில் தப்பிக்க இடம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்த ஆராய்ச்சி முதுகைப் பற்றியது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. டிஸ்க் என்கிறோம். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும். சுமை தூக்குகிறவர்களுக்கு இந்த டிஸ்க் எப்படிக் கெடுகிறது, வாழ்நாளெல்லாம் கதிரையில் உட்கார்ந்தவர்களுக்கு எப்படிக் கெடுகிறது என்று ஒப்பிடுவதுதான் அவர்கள் நோக்கம். சுமைப் பக்கத்துக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், கதிரைப் பக்கத்துக்கு என்னைப் போன்றவர்கள். மனிதர்களை இரண்டாகப் பிரிக்க இதைவிட நேர்மையான முறையை நான் எந்தச் சுற்றறிக்கையிலும் பார்த்ததில்லை.

நான் அதற்குள் நுழைந்தது நோயாளியாக அல்ல. அவர்களுடைய கேள்விப் படிவம், ஒப்புதல் படிவம் இரண்டின் தமிழும் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, திருத்தித் தர முடியுமா என்று பழைய நண்பர் ஒருவர் மூலம் கேட்டார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். புரியாத இடங்களில் அந்த ஆராய்ச்சியை நடத்திய பெண் டொக்டரைத் தொலைபேசியில் பிடித்து விளக்கம் கேட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும். பொறுமையாகச் சொல்வார்.

அதில் பதினான்காவது கேள்வி இது: உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்து மரத்துப் போயிருக்கிறதா, சிறுநீர் கழிப்பதில் புதிதாக ஏதாவது சிரமம் இருக்கிறதா. அதன் கீழே, கேள்வி கேட்பவருக்கு மட்டும் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. பதில் ஆம் என்றால் மற்றக் கேள்விகளை நிறுத்திவிட்டு உடனே சத்திரசிகிச்சை நிபுணருக்கு அறிவிக்கவும். ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டேன். முள்ளந்தண்டின் அடியில் நரம்புகள் குதிரை வால்போலக் கொத்தாகத் தொங்குகின்றன, டிஸ்க் பெரிதாக உடைந்து அந்தக் கொத்தையே நசுக்கினால் இந்த அறிகுறிகள் வரும், அதன் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம், தாமதித்தால் சிறுநீரும் கால்களும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம் என்று டொக்டர் விளக்கினார். நான் அந்தச் சிறிய எழுத்துக் குறிப்பையும் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

எனக்கும் இடுப்பு வலி இருந்தது. படிவத்தைத் திருத்தியவனே பங்குபற்றலாமா என்று கேட்டேன். மேற்பார்வைக் குழுவிடம் கேட்டுவிட்டு, தடையில்லை என்றார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் குண்டசாலை வீட்டின் பின்புறம் மழைத் தண்ணீர் வடியாமல் நின்றது. தண்ணீர் வடியும் கானின் வாயை அடைத்திருந்த சிமெந்துக் கல்லைக் குனிந்து தூக்கினேன். இடுப்புக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது. வலது காலில் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி. மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கதிரையில் மனைவி புதிதாக மெத்தை போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கையால் தடவிப் பார்த்தேன். வெறும் பலகைதான் இருந்தது.

மெத்தை இல்லாத இடத்தில் மெத்தை போல இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். படிவத்தில் அதைத் தமிழில் எழுதி வைத்தவனே நான்தானே. ஆனாலும் பஸ்ஸில் போய் வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் நான் பஸ்ஸில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கழிவறைக்குப் போனேன். வயிறு முட்டிக்கொண்டிருந்தது. சிறுநீர் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சில துளிகள் வந்தன, அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அதன் முனையால் தொடையின் உட்புறத்தைக் குத்திப் பார்த்தேன். பேனா பட்ட இடத்தைக் கண் பார்த்தது. உடம்பு எதுவும் சொல்லவில்லை.

மனைவி கதவுக்கு வெளியே நின்று, "என்னங்க, இவ்வளவு நேரம்?" என்றாள். மலச்சிக்கல் என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. மருத்துவச் சபைக்குப் போன அவருடைய கோப்பை அடுக்கியது நான். ஒவ்வொரு தாளையும் வாசித்தேன். அவரை மகன் முதுகில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்து, கையொப்பமிட வைத்துத் திரும்பத் தூக்கிப் போனதையும் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் முதுகில் கத்தி படக்கூடாது என்று. மரத்துப் போனதை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே கத்தி. இல்லை என்று சொன்னால் முதலில் ஆராய்ச்சிக்கான ஸ்கேன் எடுப்பார்கள், பிறகு மெதுவாக யோசிக்கலாம். இது என் கணக்கு. பயந்துபோன மனிதன் போடும் கணக்கில் தர்க்கம் இருக்கும், புத்திதான் இருக்காது.

கிளினிக்குக்கு வெளியே நீளமான மர வாங்கு ஒன்று. என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம். ஐம்பது வயதைத் தாண்டியவர். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்ததிலிருந்து முதுகு நிமிர்வதில்லையாம். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். இன்றைக்கு வேலைக்குப் பேர் போடவில்லை, ஒரு நாள் சம்பளம் போய்விட்டது, அதனால் ஸ்கேன் எடுக்காமல் திரும்பப் போவதில்லை என்று வாங்கில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்.

என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு என்ன வேலைங்க?" என்றார்.

கந்தோரில் லிகிதராக இருந்தேன் என்றேன்.

"அப்ப மூட்டை தூக்கல?"

"இல்லை."

"உக்காந்தே ஒடைச்சிக்கிட்டீங்களா? பரவால்லையே. நாங்க அதுக்கு மலை ஏற வேண்டியிருக்கு."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வேறொரு நாள் என்றால் சிரிப்பு வந்திருக்கும். அப்போது என் கவனமெல்லாம் அடிவயிற்றில் இருந்தது. கல்போல இறுகியிருந்தது. ஆனால் விசித்திரம், வலி இல்லை. அந்த வலி இல்லாததுதான் என்னை நடுங்க வைத்தது. மூன்று தடவை எழுந்து கழிவறைக்குப் போனேன். மூன்று தடவையும் போனபடியே திரும்பி வந்தேன். அந்த அம்மா போத்தலில் கொண்டுவந்த பிளேன்டீயை மூடியில் ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் நீட்டிய கையை மடக்காமல் என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே குடித்தார்.

எங்கள் கிளினிக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. டொக்டருக்கு முன்னால் ஒருவர் உட்காருவார். அடுத்த இலக்கத்துக்காரர் அதே அறைக்குள், கதவோரக் கதிரையில் தயாராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு திரை. திரை கண்ணுக்குத்தான், காதுக்கு அல்ல. என் இலக்கம் வந்தபோது கதவோரக் கதிரைக்கு வந்தவர் அந்த அம்மாதான்.

டொக்டர் என்னைக் கண்டதும், "வாங்கோ ஐயா, உங்கட தமிழையே உங்களிட்டக் கேக்கப் போறன்" என்று சிரித்தார். கேள்விகள் ஓடின. எத்தனை வருடம் உட்கார்ந்த வேலை, எங்கே வலி, எவ்வளவு தூரம் நடப்பீர்கள். பதின்மூன்று வந்தது. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். டொக்டர் நான் எழுதிய வசனத்தை ஒரு சொல் மாறாமல் வாசித்தார்.

இல்லை என்றேன்.

டொக்டர் அடையாளமிட்டார். பதினைந்தாவது கேள்விக்குப் போனார். ஒரு கோப்பை மூடுவது போல அவ்வளவு சுலபமாக முடிந்தது. எனக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. கதிரையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கையால் பிடித்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "மிஸ், அந்த ஐயா பொய் சொல்றாரு."

டொக்டர் பேனாவை நிறுத்தினார். அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"மூணு வாட்டி கக்கூசுக்குப் போய்ட்டு வந்தாரு மிஸ். ஒண்ணும் போகல. தேத்தண்ணி குடுத்தா குடிக்க மாட்டேங்குறாரு. வயித்தப் புடிச்சிக்கிட்டே இருக்காரு."

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஓர் அறை முழுவதும் என் அந்தரங்கம் பரவிவிட்டது. ஒருவரின் பதிலை மற்றவர் திருத்த இந்தப் படிவத்தில் இடமில்லை என்று டொக்டரிடம் சொன்னேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் ஐயா. பொம்பள மிஸ்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் சொல்லாம இருந்துட்டாரு. இப்ப பத்து வருஷமா டியூப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. எனக்கு அந்த மூஞ்சி தெரியும்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். இப்போது சிரிப்பு இல்லை. "ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. ஒருத்தரும் உங்களைப் பிழை பிடிக்க மாட்டினம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பிரிவைக் காட்டினேன். பங்குபற்றுபவர் எந்த நேரத்திலும், காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம். நான் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எனக்குத் தெரிந்த விதிகளிலேயே மிகவும் கௌரவமான வெளியேறும் வழி அது. மேசையைச் சுற்றி, அந்த அம்மாவைத் தாண்டி, கதவைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார். "ஐயா, செருப்பு."

திரும்பிப் பார்த்தேன். என் வலது காலின் செருப்பு டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் நான்கைந்து அடி நடந்து வந்துவிட்டேன். குனிந்து காலைப் பார்த்தேன். வெறும் பாதம் சிமெந்துத் தரையில் இருந்தது. ஜூலை மாதத்துக் கண்டித் தரை. அது குளிர்ந்திருக்க வேண்டும். குளிரும் இல்லை, தரையும் இல்லை. யாருடைய காலோ என் சாரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

மரணபயம் என்று சொல்வார்களே, இது அதுவல்ல. செத்துப் போவேன் என்று நான் நினைக்கவில்லை. சாகாமல் இப்படியே இருப்பேன் என்று நினைத்தேன். கதவின் கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.

அந்த அம்மா செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். குனிய முடியாத முதுகு. மேசையைப் பிடித்து, முழங்காலை மடக்கி, முனகிக்கொண்டு எடுத்தார். என் காலடியில் வைத்துவிட்டுக் கையையும் பிடித்துக்கொண்டார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சொல்லிடுங்க ஐயா" என்றார்.

சொன்னேன். ஞாயிறு மத்தியானத்திலிருந்து, ஒன்று விடாமல். பேனா முனை வரை சொன்னேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தள்ளுகட்டில் வந்தது. சிறுநீர்க் குழாய் போட்டார்கள். அது போனதே எனக்குத் தெரியவில்லை. பை நிறைந்துகொண்டே போவதைப் பார்த்து, கட்டிலருகே நின்ற ஆஸ்பத்திரி ஊழியர், "மாத்தயா, இவ்வளவையும் எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஸ்கேன் இயந்திரத்தில் அன்று காலை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு இடம், அதுவும் என் பெயருக்கல்ல. மற்ற நேரமெல்லாம் வாட்டு நோயாளிகளுக்குப் போய்விட்டது. டொக்டர் தொலைபேசியில் மன்றாடுவது கேட்டது. அந்த ஒரு இடம் யாருடையது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. தள்ளுகட்டில் வாங்கைத் தாண்டியபோது அந்த அம்மா டொக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எனக்கு வலிதானே மிஸ். நான் அடுத்த கிழமை வர்றேன். மொதல்ல இவர அனுப்புங்க."

இயந்திரத்துக்குள் படுத்திருந்த அந்த அரை மணித்தியாலம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. தட் தட் என்று காதுக்குள் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கும்படி கட்டளையிட்டுப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் கோப்புகளை நகர்த்தியவன். இடது கால் கேட்டது. வலது கால் கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டது.

சத்திரசிகிச்சை நிபுணர் நேராகப் பேசும் மனிதர். டிஸ்க் உடைந்து நரம்புக் கொத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இன்று எடுக்க வேண்டும், எடுத்தாலும் முழுவதும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். நான் பக்கத்து மேசைக்காரரின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டார், அந்த மனிதர் எத்தனை நாள் தாமதித்து வந்தார் என்று. எனக்கு அந்தக் கோப்பு மனப்பாடம். பதினோராம் நாள். அந்தத் தேதி எழுதிய தாளை நானே அடுக்கியிருந்தேன். அத்தனை வருடமும் கத்தியைத்தான் குற்றம் சொல்லி வந்திருக்கிறேன், அந்தத் தேதியை ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கையொப்பமிட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக அதற்கு முன்னும் பின்னும் விழுந்ததில்லை. மனைவி வந்து சேர்ந்தபோது என்னை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். "மலச்சிக்கல்னு சொன்னீங்களே" என்றாள். மயக்க மருந்து ஏறும்வரை அந்த ஒரு வரிதான் என்னோடு இருந்தது.

மறுநாள் காலை தாதி என் பாதத்தைப் பஞ்சால் தடவினார். எங்கோ தூரத்தில் யாரோ தொடுவது போல இருந்தது. அழுதுவிட்டேன். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிடங்கள் போயின. வெளியே மனைவி நின்றாள், இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று. வலது பாதத்தின் ஓரம் மட்டும் இன்றுவரை முழுதாக விழிக்கவில்லை. அதற்கு நான் மேன்முறையீடு செய்யப் போவதில்லை.

வீட்டுக்குப் போகுமுன் டொக்டர் வாட்டுக்கு வந்தார். என் படிவம் ஆராய்ச்சிக் கணக்கில் சேராது, அவசர நோயாளிகளை விலக்கிவிடுவது விதி என்றார். கதிரைப் பக்கத்துக்கு ஓர் ஆள் குறைந்துவிட்டது. பதினான்காவது பதிலை வெட்டி, ஆம் என்று எழுதிக் கையொப்பமிட அனுமதி கேட்டேன். தந்தார். பிறகு அந்த அம்மாவின் விலாசத்தைக் கேட்டேன். ஒரு பங்குபற்றுநரின் விபரம் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்றார். அதுவும் நான் செம்மைப்படுத்திய வசனம்தான். அவ்வளவு இறுக்கமாக எழுதியிருக்கத் தேவையில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

"அவ அடுத்த கிழமை வந்தவ ஐயா, ஸ்கேனும் எடுத்தாச்சு" என்று மட்டும் டொக்டர் சொன்னார். "நீங்கள் நடக்கிறீங்களோ எண்டுதான் முதல் கேட்டவ."

நடக்கிறேன். மெதுவாக, ஒரு கைத்தடியோடு. சோதனைக்குப் போகும் திங்கட்கிழமைகளில் அந்த வாங்கைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. இதுவரை அவரைக் காணவில்லை. உடம்பில் ஏதாவது புதிதாகத் தோன்றும் காலைகளில் மனைவி என்ன என்று கேட்டால், இப்போதெல்லாம் வெட்கமான பகுதியையும் சேர்த்து உள்ளபடி சொல்லிவிடுகிறேன். சொல்லி முடிக்கும் ஒவ்வொரு தடவையும், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்ட லயத்து வீடு ஒன்றில் இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிட்ட அந்த மனிதர், நான் ஒருபோதும் பார்த்திராதவர், எனக்காகவும் சேர்த்துப் படுத்திருப்பதாகவே நினைக்கிறேன்.